பிழையைப் பலகையில் எழுதும் ஆட்டம்

அமெரிக்காவில் ஒரு கோடைக்கால மாலை. வேலை முடிந்து வீடு திரும்பிய அப்பா, மனைவியையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு மைதானத்துக்குப் புறப்படுகிறார். வாசலில் வறுத்த வேர்க்கடலை ஒரு பொட்டலம் வாங்குகிறார். உள்ளே பெரிய விளக்குகள் எரிகின்றன. பச்சைப் புல் பளபளக்கிறது.

நடக்கப்போவது பேஸ்பால் ஆட்டம்.

அந்த அப்பா பேஸ்பாலில் பண்டிதர் அல்ல. எந்த ஆட்டக்காரர் எந்த ஆண்டில் எத்தனை அடித்தார் என்று கேட்டால் விழிப்பார். வருஷத்துக்கு இரண்டு, மூன்று தடவை வருவார். கடலை தின்பார். கை தட்டுவார். வீட்டுக்குப் போவார். இப்படிப்பட்ட சாதாரண ரசிகர்கள்தான் அங்கே ஏராளம்.

அவர் கண்ணில் ஒரு விஷயம் பட்டே தீரும். மைதானத்தின் கோடியில் பெரிய பலகை இருக்கிறது. அதில் ஒவ்வொரு அணிக்கும் நேராக மூன்று எண்கள். முதல் எண், எடுத்த ரன்கள். இரண்டாவது எண், அடித்த நல்ல அடிகள். மூன்றாவது எண் என்ன தெரியுமா?

செய்த பிழைகள்!

கிரிக்கெட்டில் ஒருவர் சுலபமான பந்தைக் கைநழுவ விட்டால் கூட்டம் "ஐயோ" என்று கூவும். பலகையில் அதற்கு இடம் இல்லை. பேஸ்பாலில் இடம் உண்டு. பிடித்திருக்க வேண்டிய பந்தை விட்டால், அது பிழையா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல ஒரு கணக்கர் உட்கார்ந்திருக்கிறார். அவர் "பிழை" என்றால், ஆயிரக்கணக்கான ஜனங்கள் பார்க்கப் பலகையில் எண் ஏறும்.

இது கொடுமை என்று தோன்றலாம். யோசித்துப் பார்த்தால், இந்த ஆட்டத்தின் பெருமையே அந்த மூன்றாவது எண்தான் என்று விளங்கும்.

ஆட்டம் எப்படி?

அணிக்கு 9 பேர். மைதானத்தில் வைர வடிவில் நான்கு மூலைகள். ஒரு மூலைக்கும் அடுத்த மூலைக்கும் 90 அடி தூரம். ஒவ்வொரு மூலைக்கும் "பேஸ்" என்று பெயர்.

நடுவில் நிற்பவர் பந்தை எறிவார். மட்டைக்காரர் அதை அடித்துவிட்டு ஓடுவார். நான்கு மூலைகளையும் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ரன். அதற்குள் எதிரணியார் பந்தைப் பிடித்து அவரை "அவுட்" ஆக்கப் பார்ப்பார்கள்.

மூன்று பேர் அவுட் ஆனால் ஒரு அணியின் முறை முடிந்தது. இப்படி ஒவ்வொரு அணிக்கும் 9 முறை. ஆக, ஓர் அணியை முழுதாக அடக்க 27 பேரை அவுட் ஆக்க வேண்டும்.

இவ்வளவு தெரிந்தால் போதும். மைதானத்துக்கு வரும் குழந்தைக்கும் இவ்வளவுதான் தெரியும்.

பத்தில் மூன்று

பந்து மணிக்கு 90 மைலுக்கு மேல் வேகமாக வரும். அதை அடிப்பது சுலபம் அல்ல. பத்து தடவையில் மூன்று தடவை நல்ல அடி அடிப்பவரை அமெரிக்கர்கள் கெட்டிக்காரர் என்கிறார்கள். பல வருஷங்கள் அப்படி அடித்தால் பெரிய வீரர் என்று புகழ்கிறார்கள்.

அதாவது, பத்தில் ஏழு தடவை தோற்பவர் அங்கே பெரிய வீரர்!

டெட் வில்லியம்ஸ் என்று ஒருவர் இருந்தார். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்காரர். 1941-ம் ஆண்டு பருவத்தின் கடைசி நாள். அதுவரை அவர் அடித்த கணக்கு ஆயிரத்துக்கு 399-ஐத் தாண்டி 400-ஐ ஒட்டி நின்றது. 400 என்றே எழுதிவிடலாம். "வேண்டுமானால் இன்று நீ ஆடாமல் இருக்கலாம்" என்று அணித் தலைவர் இடம் கொடுத்தார். ஆடாமல் இருந்தால் பெயர் நிலைக்கும். ஆடித் தோற்றால் போய்விடும்.

வில்லியம்ஸ் ஆடினார். அன்று இரண்டு ஆட்டங்கள். எட்டு வாய்ப்பில் ஆறு நல்ல அடிகள். கணக்கு 406 ஆக உயர்ந்தது. அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்ற இரண்டு பெரிய லீகுகளிலும் அதற்குப் பிறகு எவரும் ஒரு பருவத்தில் 400-ஐ எட்டவில்லை.

அந்த மகத்தான ஆண்டிலும் அவர் தோற்றது, ஆயிரத்துக்கு 594 தடவை!

அணிகளின் கதையும் இதுதான். ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. 2001-ல் சியாட்டில் அணி 116 ஆட்டங்களில் வென்றது. அதைவிட அதிகம் வென்ற அணி கிடையாது. அந்த அணியும் 46 தடவை தோற்றது. 2024-ல் சிகாகோவின் வைட் சாக்ஸ் அணி 121 தடவை தோற்று ஊர் சிரிக்க நின்றது. அந்த அணியும் 41 தடவை வென்றது.

முழு வெற்றி யாருக்கும் இல்லை. முழுத் தோல்வியும் யாருக்கும் இல்லை.

நடுவர் அழுதார்

இத்தனை தோல்விகளுக்கு நடுவே ஓர் அதிசயம் எப்போதாவது நடக்கும். எறிபவர், எதிரே வந்த 27 பேரையும் வரிசையாக அவுட் ஆக்கிவிடுவார். ஒருவர்கூட முதல் மூலையைத் தொடமாட்டார். இதற்கு "குறையற்ற ஆட்டம்" என்று பெயர். நேஷனல் லீக் தொடங்கியது 1876-ல். அன்று முதல் 2025 பருவம் முடிய, பெரிய லீகுகளில் இது 24 தடவைதான் நடந்திருக்கிறது.

25-ஆக இருந்திருக்க வேண்டும். ஒரு மனிதரின் கண் ஏமாந்தது.

2010 ஜூன் 2. இடம் டெட்ராய்ட் நகரம். எறிந்தவர் அர்மாண்டோ கலராகா. வெனிசுவேலா நாட்டுக்காரர். சில வாரங்களுக்கு முன்புதான் சின்ன லீகிலிருந்து பெரிய அணிக்கு அழைக்கப்பட்டவர். பெரிய பேர் இல்லாதவர்.

கிளீவ்லாந்து அணியின் 26 பேரை அவர் வரிசையாக அவுட் ஆக்கிவிட்டார். இன்னும் ஒரே ஒருவர். மைதானமே எழுந்து நின்றது.

27-வது ஆள் பந்தைத் தரையோடு அடித்துவிட்டு ஓடினார். பந்தை எடுத்த ஆட்டக்காரர் வீசினார். கலராகா முதல் மூலைக்கு ஓடி, பந்தைப் பிடித்து, மூலையை மிதித்தார். ஓடி வந்தவர் அதற்குப் பிறகுதான் வந்தார். அவுட்! ஆட்டக்காரர்கள் கைகளை உயர்த்திவிட்டார்கள்.

அங்கே நின்ற நடுவர் ஜிம் ஜாய்ஸ் இரண்டு கைகளையும் விரித்தார். "அவுட் இல்லை" என்று அதற்கு அர்த்தம்.

கூட்டம் கொதித்தது. மற்ற ஆட்டக்காரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். கலராகா என்ன செய்தார்? ஒரு புன்னகை புரிந்தார். திரும்பிப் போய், அடுத்த ஆளை அவுட் ஆக்கி ஆட்டத்தை முடித்தார்.

ஜாய்ஸ் அறைக்குப் போய்ப் படத்தைப் போட்டுப் பார்த்தார். தான் செய்தது தவறு என்று கண்டார். 20 ஆண்டுகளுக்கு மேல் பெரிய லீகில் நடுவராக இருந்தவர் அவர். சாக்குச் சொல்ல எத்தனையோ வழி உண்டு. வேகம் என்று சொல்லலாம். கூச்சல் என்று சொல்லலாம். எதுவும் சொல்லவில்லை. தவறு தன்னுடையதே என்று பத்திரிகைக்காரர்களிடம் ஒப்புக்கொண்டார். கலராகாவைச் சந்தித்துக் கண்ணீருடன் மன்னிப்புக் கேட்டார். கலராகா அவரைக் கட்டிக்கொண்டார்.

மறுநாளும் அதே அணிகளுக்கு ஆட்டம். "விரும்பினால் வராமல் இருக்கலாம்" என்று ஜாய்ஸுக்குச் சொன்னார்கள். அவர் வந்தார். ஆட்டம் தொடங்குமுன் ஆட்டக்காரர் பட்டியலை நடுவரிடம் கொடுப்பது வழக்கம். அன்று டெட்ராய்ட் அணியின் பட்டியலை எடுத்து வந்தவர் கலராகா! வாங்கிய நடுவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

அந்த மாதமே ஒரு பத்திரிகை, 100 ஆட்டக்காரர்களிடம் "சிறந்த நடுவர் யார்?" என்று கேட்டது. ஜிம் ஜாய்ஸ் என்ற பெயரே முதலில் வந்தது.

தீர்ப்பு மட்டும் மாறவில்லை. ஏட்டில் இன்றும் அது குறையற்ற ஆட்டம் அல்ல. ஆனால் ஜனங்கள் பாடம் கற்றார்கள். நிர்வாகமும் கற்றது. 2014 முதல், இப்படிப்பட்ட தீர்ப்புகளைப் படம் பார்த்துத் திருத்த வழி செய்யப்பட்டது.

ரசிகர்களின் பிழை

ஆட்டக்காரரும் நடுவரும் மட்டுமா தவறு செய்கிறார்கள்? ரசிகர்கள் செய்வதும் உண்டு. அதற்குப் பலகையில் எண் இல்லை.

1986 அக்டோபர் 25. உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். பாஸ்டன் அணி 1918-க்குப் பிறகு கோப்பையைக் கண்டதில்லை. அன்று வெற்றிக்கு ஒரே ஓர் அவுட் பாக்கி. அதற்குள் நியூயார்க் மெட்ஸ் அணி விடாமல் அடித்துக் கணக்கைச் சமன் செய்துவிட்டது. கடைசியில் ஒரு பந்து தரையில் உருண்டு வந்தது. அதைப் பிடிக்கக் குனிந்தார் பில் பக்னர். பந்து அவர் கால்களுக்கு நடுவே ஓடிவிட்டது. நியூயார்க் வென்றது.

பக்னருக்கு அப்போது 36 வயது. கணுக்காலில் தீராத வலி. வலியோடுதான் ஆடிக்கொண்டிருந்தார். அவரிடம் பந்து வருமுன்பே சமநிலை வந்துவிட்டது. ஏழாவது ஆட்டம் ஒன்றும் பாக்கி இருந்தது. அதில் பாஸ்டன் 3 ரன் முன்னால் இருந்தும் தோற்றது. இதையெல்லாம் யார் நினைத்தார்கள்? பழி முழுவதும் ஒரு மனிதர் தலையில் விழுந்தது.

தம் வாழ்நாளில் 2,715 நல்ல அடிகள் அடித்தவர் அவர். அத்தனையும் மறந்து போயிற்று. ஒரு பந்து மட்டும் நினைவில் நின்றது. ஏசல் பொறுக்காமல், குடும்பத்தோடு தொலைதூர மாநிலத்துக்குக் குடிபோனார்.

2008 ஏப்ரல் 8. பாஸ்டன் மைதானத்தில் பருவத்தின் முதல் ஆட்டம். அதற்குள் பாஸ்டன் இரண்டு தடவை கோப்பை வென்றிருந்தது. முதல் பந்தை எறிந்து தொடங்கி வைக்க பக்னரை அழைத்தார்கள். அவர் நடந்து வந்தார். கூட்டம் முழுதும் எழுந்து நின்றது. கைதட்டல் ஓயவில்லை. அவர் கண்ணில் நீர் வந்தது.

22 ஆண்டுகள்! இரண்டு கோப்பைகள் கிடைத்து மனசு நிறைந்த பிறகு மன்னிப்பது சுலபம். தோற்ற அன்றே ஒரு நல்ல சொல் சொல்லியிருந்தால், அதுவல்லவா பெருந்தன்மை? கலராகாவுக்கு ஒரே இரவு போதுமாக இருந்தது. ஒரு பெரிய நகரத்துக்கு ஏன் இத்தனை காலம் பிடித்தது?

அறுபது ஆண்டுப் பிழை

இவற்றை எல்லாம்விடப் பெரிய பிழை ஒன்று உண்டு. அதைச் செய்தவர்கள் ஆட்டத்தை நடத்திய பெரிய மனிதர்கள்.

1880-களின் பிற்பகுதியிலிருந்து சுமார் 60 ஆண்டுகள், கறுப்பு நிறத்தவர் யாரையும் பெரிய லீகில் சேர்க்கவில்லை. சட்டம் போட்டு எழுதி வைக்கவில்லை. முதலாளிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு கதவை அடைத்தார்கள். கைநழுவிய ஒரு பந்துக்குப் பலகையில் எண் போட்ட ஆட்டம், இந்த அநியாயத்துக்கு எண் போடவில்லை!

கறுப்பு ஆட்டக்காரர்கள் தங்களுக்கென்று தனி லீகுகள் நடத்தினார்கள். அங்கே ஜோஷ் கிப்சன் என்று ஒருவர் ஆடினார். அவர் அடியைக் கண்டவர்கள் அசந்து போனார்கள். பெரிய லீகில் அவருக்கு இடம் இல்லை. தோல் கறுப்பு. அவ்வளவுதான் குற்றம்.

புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி, இந்தக் கதவைத் திறந்தார். அவர் சேர்த்துக்கொண்ட ஜாக்கி ராபின்சன், 1947 ஏப்ரல் 15 அன்று பெரிய லீகில் ஆடினார். ஏசினார்கள், பொறுத்தார். மிரட்டினார்கள், ஆடினார். அந்த ஆண்டே சிறந்த புது ஆட்டக்காரர் என்ற பட்டம் பெற்றார். அவர் சட்டையின் எண் 42. 1997-ல் அந்த எண்ணை எல்லா அணிகளும் அவருக்கே மரியாதையாக ஒதுக்கிவைத்தன. இன்று ஆண்டுதோறும் ஏப்ரல் 15-ல் எல்லா ஆட்டக்காரர்களும் 42 என்ற எண்ணை அணிந்து ஆடுகிறார்கள்.

ஜோஷ் கிப்சன்? அவர் 1947 ஜனவரி 20-ல் இறந்துவிட்டார். வயது 35. கதவு திறக்க மூன்று மாதம்கூட இல்லை.

2020-ல்தான் நிர்வாகம், 1920 முதல் 1948 வரை நடந்த கறுப்பர் லீகுகளும் பெரிய லீகுகளே என்று ஒப்புக்கொண்டது. 2024-ல் அவர்களுடைய கணக்குகள் பெரிய ஏட்டில் சேர்க்கப்பட்டன. என்ன ஆயிற்று? வாழ்நாள் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் சிறந்த அடிக்காரர் டை காப் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். அவர் கணக்கு ஆயிரத்துக்கு 367. ஜோஷ் கிப்சனின் கணக்கு 372. முதல் இடம் அவருக்கு வந்தது.

"அவர் ஆடிய ஆட்டங்கள் குறைவாயிற்றே" என்று சிலர் முணுமுணுத்தார்கள். குறைவாக ஆடியது யார் குற்றம்? கதவை அடைத்தவர் குற்றமா, வெளியே நின்றவர் குற்றமா?

திருத்தம் வந்தது. 77 ஆண்டு தாமதமாக வந்தது. பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை.

மூன்று படிகள்

பேஸ்பால் நிபுணர்களிடம் கேட்டால் ஆயிரம் நுணுக்கம் சொல்வார்கள். சாதாரண ரசிகருக்கு அவ்வளவு வேண்டாம். பலகையின் மூன்றாவது எண்ணைப் பார்த்தால் போதும். ஒரு பெரிய உண்மை கிடைக்கும்.

பிழை செய்யாதவர் இல்லை. பிழையை என்ன செய்கிறோம் என்பதில்தான் மனிதரின் தரம் தெரியும். அதற்கு மூன்று படிகள் உண்டு. முதல் படி, பிழையை ஒப்புக்கொள்வது. ஜிம் ஜாய்ஸ் அதைச் செய்தார். இரண்டாவது படி, மன்னிப்பது. கலராகா அதைச் செய்தார். மூன்றாவது படி, திருத்துவது. அது நிர்வாகத்தின் கடமை.

மூன்றையும் காலத்தில் செய்ய வேண்டும். பக்னருக்கு மன்னிப்பு தாமதமாக வந்தது, கண்ணீரோடு பெற்றுக்கொண்டார். கிப்சனுக்குத் திருத்தம் தாமதமாக வந்தது. பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

வீட்டில் பிள்ளை ஒரு தவறு செய்கிறான். மறைத்தால் அடி தப்பும் என்று நினைத்தால் மறைப்பான். சொன்னால் மன்னிப்புக் கிடைக்கும் என்று தெரிந்தால் சொல்வான். அலுவலகத்திலும் அப்படித்தான். அரசாங்கத்திலும் அப்படித்தான். பிழையை எழுதப் பலகை இருந்தால் மட்டும் போதாது. எழுதியதைப் பார்த்துக் கல் எறியாத கூட்டமும் வேண்டும்.

இரவு ஆட்டம் முடிகிறது. சின்னக் குழந்தை அப்பா தோளில் தூங்கிவிட்டது. அன்று ஒரு பந்தைக் கைநழுவ விட்டு ஏச்சு வாங்கிய ஆட்டக்காரர் தலைகுனிந்து உள்ளே போகிறார். பலகையின் விளக்குகள் அணைகின்றன.

மறுநாள் மாலை விளக்குகள் மீண்டும் எரியும். ரன் பூஜ்யம். அடி பூஜ்யம். பிழையும் பூஜ்யம். அதே ஆட்டக்காரர் அதே இடத்தில் வந்து நிற்பார். பந்து மறுபடி அவரிடம் வரும்.

அவர் அதைப் பிடிக்கும்போது, நேற்று ஏசியவர்களே முதலில் கை தட்டட்டும்.